கடலுக்கு நூற்றுக்கு எத்தனை?

"அது சரி சாரே, நூறுன்னா எது?"

கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து அண்ணாச்சி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார், பல்லில் தங்கூசி என்கிற நைலான் நூல். என் மடியில் எண்பது பக்கக் கோடு போடாத நோட்டு. அதில் பத்துக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெயர் எழுதி, "உங்க கடலுக்கு மார்க் போடுங்க அண்ணாச்சி, நூத்துக்கு எவ்வளவு" என்று கேட்டிருந்தேன். இருபது வருடமாகக் கணக்கு வாத்தியாராக இருப்பவனுக்கு இதைவிட எளிதான கேள்வி தோன்றாது. அவர் திருப்பிக் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

உவரிக்கும் கூத்தன்குழிக்கும் நடுவில் உள்ள கடற்கரை ஊர் அவருடையது. ஊர்ப் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் மகன் என்னிடம் படித்தவன், இப்போது பைபர் படகு ஓட்டுகிறான். நான் திசையன்விளைக்கு மேற்கே, தேரி மணலும் பனையும் மட்டும் தெரிந்த ஊர்க்காரன். கடல் எங்களுக்குப் பத்து மைல்தான். இருந்தாலும் சின்ன வயதில் கடலைப் பார்ப்பது என்றால் உவரிக் கோவிலுக்குப் போகும் அன்று மட்டும்தான். அப்படி வளர்ந்தவன் கடலுக்கு மார்க் போடக் கிளம்பியதில் கொஞ்சம் கொழுப்பும் உண்டு.

ஆரம்பம் இப்படி. கடல் ஆரோக்கியக் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. 2012-இல் பென் ஹால்பெர்ன் தலைமையில் அறுபதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் சேர்ந்து 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். கடலோரம் உள்ள 171 நாடுகள், ஆட்சிப்பகுதிகளின் கடலுக்கு நூற்றுக்கு மார்க் போட்டார்கள். உலகம் மொத்தத்துக்கும் வந்தது 60. ஆகக் குறைந்தது 36, ஆகக் கூடியது 86. எங்கள் பள்ளிக்கூடத்தில் 60 வாங்கினால் "பரவாயில்லை, முயற்சி தேவை" என்று எழுதுவோம்.

எனக்குப் பிடித்தது அவர்கள் வைத்த பாடங்கள். கடலில் எத்தனை மீன் இனம், தண்ணீரில் எவ்வளவு கழிவு என்று மட்டும் பார்க்காமல், மனிதருக்கும் கடலுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைப் பத்தாகப் பிரித்தார்கள். உணவு, சிறு மீனவருக்குக் கடலில் இடம், கடலிலிருந்து எடுக்கும் மற்ற பொருட்கள், கரிமத்தைப் பிடித்து வைப்பது, கரையைக் காப்பது, கரையோரப் பிழைப்பு, சுற்றுலா, ஊர்ப்பற்று, சுத்தமான தண்ணீர், பல்லுயிர் வளம். ஒவ்வொன்றிலும் பாதி மார்க் இன்றைய நிலைக்கு, மீதிப் பாதி இன்னும் ஐந்து வருடத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு. அந்த எதிர்கால மார்க்கைக் கணிக்கும்போது, இப்போது ஏறுமுகமா இறங்குமுகமா என்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு எடை. நெருக்கும் காரணங்களும் தாங்கும் ஏற்பாடுகளும் மிச்சம் ஒரு பங்கு. அறுபதில் இருந்து எழுபதுக்கு ஏறுகிற பையனும் எண்பதில் இருந்து எழுபதுக்குச் சறுக்குகிற பையனும் ஒன்றல்ல என்று எந்த வாத்தியாருக்கும் தெரியும். அந்த விஷயத்தைச் சூத்திரமாக எழுதி வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷமாக இருந்தது.

நாட்டுக்கு ஒரு மார்க் என்பதால் உள்ளூருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவர்களுக்கே சீக்கிரம் புரிந்துவிட்டது. குஜராத்துக்கும் கூத்தன்குழிக்கும் ஒரே மார்க் என்றால் அதை வைத்து யார் என்ன செய்ய? அதனால் இதே முறையைச் சின்ன அளவில், உள்ளூர் ஆட்களைக் கொண்டே செய்து பார்க்கும் வேலை நடந்தது. பிரேசிலின் 17 கடலோர மாநிலங்களுக்குத் தனித்தனியாகப் போட்டார்கள், அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போட்டார்கள். எந்தப் பாடம் வேண்டும், எது வேண்டாம், எதை நூறு என்று வைப்பது என்பதை அந்தந்த இடத்தில்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அதில் கிடைத்த அனுபவம். நான் அந்தக் கடைசி வரியை மேலோட்டமாகப் படித்துவிட்டுத்தான் நோட்டோடு கரைக்குப் போயிருந்தேன்.

முதல் கட்டம், உணவு. அண்ணாச்சி எழுபது என்றார். மகன் தொண்ணூறு என்றான். இருவரும் ஒரே கடலுக்குத்தான் போகிறார்கள். மகன் 2010-க்குப் பிறகு தொழிலுக்கு வந்தவன், அவன் கண்ட நல்ல வருடம்தான் அவனுக்கு நூறு. அண்ணாச்சிக்கு அவர் கட்டுமரத்தில் போன எண்பதுகள் நூறு. வீட்டுக்குள்ளிருந்து அண்ணாச்சியின் அம்மா, வயது தொண்ணூறைத் தொட்டிருக்கும், "எளுவதாம்லா எளுவது. முப்பது போடுங்க சாரே, அதுவே கூடுதல்" என்றார். அவர் பெரிய ஓலைப்பெட்டியில் மீன் சுமந்து எங்கள் தேரிக்காட்டு ஊர்களுக்கு நடந்தே வந்து விற்றவர். பெட்டி நிறையாமல் கரையை விட்டுக் கிளம்பியதே இல்லையாம். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, மூன்று நூறு.

இதற்குப் பெயர் கூட வைத்திருக்கிறார்கள். டேனியல் பாலி என்ற மீன்வள விஞ்ஞானி 1995-இல் எழுதினார்: ஒவ்வொரு தலைமுறை விஞ்ஞானியும் தான் வேலைக்கு வந்த காலத்துக் கடலையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார், அடுத்த தலைமுறை அதைவிடக் குறைந்ததை இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது, இப்படியே அளவுகோல் கீழே கீழே நகர்கிறது. விஞ்ஞானிக்கே அந்தக் கதி என்றால் எனக்கு என்ன? நான் மூன்றையும் நோட்டில் எழுதினேன். சராசரி எடுக்கவில்லை.

எடை போட்டுப் பார்த்தால் சரியாகிவிடுமே என்று நினைக்கத் தோன்றும். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கரைக்குக் கரை மாதிரி எடுத்து, இறங்கிய மீனைக் கணக்கிட்டு வருகிறது, தூத்துக்குடியிலும் அதற்கு மையம் உண்டு. ஆனால் மொத்த எடை ஒரு பொல்லாத எண். தொண்ணூறுகளுக்கு முன்னால் நம் கிழக்குக் கரையில் பேய்ச்சாளை என்ற மத்தி மீன் இவ்வளவு இல்லை, பிறகுதான் பெருகியது. பெயரிலேயே இருக்கிறது அதற்கு இருந்த மரியாதை. ஒரு டன் சீலா மீன் போய் ஒரு டன் பேய்ச்சாளை வந்தால் தராசு அசையாது. அம்மா சொன்ன முப்பது அந்தத் தராசில் தெரியாத முப்பது.

இரண்டாவது, சிறு மீனவருக்கு இடம். இதில் அண்ணாச்சி பேசவே இல்லை, கடலைப் பார்த்துக் கையை நீட்டினார். அடிவானத்தில் விசைப்படகுகளின் விளக்கு. தமிழ்நாட்டின் 1983-ஆம் வருடத்துக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய 3 கடல் மைலை நாட்டுப்படகுக்கு என்று ஒதுக்கியது. விசைப்படகின் இழுவைமடி வலை கடல் தரையை வாரிக்கொண்டு போகும். மீன் மட்டுமா, குஞ்சு, சிப்பி, பாசி, சில நேரம் இவர்கள் போட்டு வைத்த வலையும் சேர்ந்து போகும். சட்டம் காகிதத்தில் நூறு. கட்டத்தில் அவர் போட்டது இருபத்தைந்து.

இங்கே ஒரு கணக்கு எனக்குச் சுவாரசியமாக இருந்தது. கிழக்குக் கரையில் வருடம் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் இந்த ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, பூசை நாள். வருடத்துக்கு 52 ஞாயிறு. சர்க்கார் 61 நாள் பெரிய படகை நிறுத்துகிறது, கோவில் மணி 52 நாள் சின்னப் படகை நிறுத்துகிறது. இந்த 52-ஐ எந்த மீன்வளக் கணக்கிலும் நான் பார்த்ததில்லை. தாங்கும் ஏற்பாடுகள் என்று குறியீட்டில் ஒரு பகுதி இருக்கிறதே, அதில் சேர்க்கலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "சாமிக்கும் மார்க்கா?" என்று சிரித்தார்.

லாப்ஸ்டர் என்று ஓட்டல்காரர்கள் சொல்லும் சிங்கிறாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

ஒரு நாள் விடியுமுன்னே கரைக்குப் போயிருந்தேன். படகு அலை மேல் ஏறி மணலில் முட்டியதும் நாலு பேர் ஓடிப்போய்த் தள்ளினார்கள். வலைக்குள் சிங்கி ஏழோ எட்டோ. வலையிலிருந்து அதைப் பிரிப்பது தனி வேலை. மீசை ஒடிந்தால் விலை போய்விடும், கால் ஒடிந்தாலும் போச்சு. மகன் ஒன்றைப் பிடித்து என் கையில் கொடுத்தான். பச்சையும் பழுப்பும் கலந்த ஓடு, மேலே ரவை தெளித்தாற்போல வெள்ளைப் புள்ளி. பிடித்த பிடியில் மீசையின் அடியை உரசிக் கிர்ர் என்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள், பழைய கதவுக் கீல் மாதிரி. கையை விட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

தராசில் வைத்தார்கள். நூற்று எழுபது கிராம். இந்த வகைச் சிங்கி 200 கிராமுக்குக் குறைந்தால் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று மத்திய அரசு 2003-லேயே விதி போட்டிருக்கிறது. அது கப்பல் ஏறுகிற சிங்கிக்கு. ஓட்டலுக்குப் போகிற சிங்கியை எடை கேட்பார் யார்? வியாபாரி விலையைக் குறைத்து வாங்கிக் கூடையில் போட்டார். அடுத்ததைப் புரட்டினால் வாலின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாக முட்டை. சினைச் சிங்கி. லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். எடை தாராளமாக இருந்தது, நல்ல விலை போகும். அண்ணாச்சி அதை எடுத்துக்கொண்டு நேராக அலைக்குள் இடுப்பளவு தண்ணீர் வரை நடந்தார், குனிந்து விட்டார், திரும்பி வந்தார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நாம விட்டா மட்டும்? நாளைக்கு அடுத்தவன் வலையில கெடக்கும்" என்றான். எழுநூறு, எண்ணூறு ரூபாய் அலையில் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனுக்கு வயிறு எரிந்தது நியாயம்தான். டீசல் கடன் அவன் பேரில்.

இந்த ஊரில் ஒரு தடவை ஊர்க் கூட்டம் போட்டுச் சினைச் சிங்கியை விட வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். இரண்டு சீசன் நின்றது. மூன்றாவது சீசனில் பக்கத்து ஊர்ப் படகு நம் பாரிலேயே, அதாவது கடலடிப் பாறைத் திட்டிலேயே, வலை போட்டுச் சினையோடு அள்ளிக்கொண்டு போன அன்று கட்டுப்பாடு உடைந்தது. அண்ணாச்சி மட்டும் விடுகிறார்.

இதில் இன்னொரு சங்கதி அவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிச் சொன்னேன். சிங்கிக் குஞ்சு பொரித்ததும் பாரில் உட்காராது. கண்ணாடித் தாள் மாதிரி தட்டையாக, பல மாதம் திறந்த கடலில் மிதந்து திரியும். அவர் விட்ட சினையின் குஞ்சு இதே பாருக்கு வரும் என்று சொல்ல முடியாது. இலங்கைப் பக்கம் போகலாம், கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு மேற்கே போகலாம். நம் பாரில் இருக்கிற சிங்கி வேறு எவனோ விட்டதாக இருக்கலாம். அண்ணாச்சி வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"நீவாடு கொண்டு போவும். அது எங்களுக்குத் தெரியும். அப்போ எவனோ ஒருத்தன் எங்கனயோ விடுதாம்லா, அதான் இங்கன கெடைக்கி."

நீவாடு என்றால் கடல் நீரோட்டம். நான் உள்ளூர், வட்டாரம் என்று அதுவரை படித்ததெல்லாம் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஒரு ஊர் மட்டும் கட்டுப்பாடாக இருந்தால் போதாது. அதே சமயம், எந்த ஊருமே இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

கரையைக் காப்பது என்ற கட்டத்துக்கு வந்தபோது சண்டையே வந்தது. எங்கள் பக்கத்தில் தூண்டில் வளைவு என்றால் குழந்தைக்கும் தெரியும். கடலுக்குள் பாறாங்கல்லைக் கொட்டித் தூண்டில் முள் மாதிரி வளைத்துக் கட்டுவது. உள்ளே அலை அடங்கும், படகு நிறுத்தலாம், வீடு தப்பும். ராதாபுரம் தாலுகாக் கடற்கரையில் தூண்டில் வளைவு கேட்டு மறியல் நடக்காத வருடம் குறைவு. அது கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆடி மாதம் அடுப்படிக்குள் அலை வந்தால் நானும் கேட்பேன்.

ஆனால் மணல் ஒரு இடத்தில் இருக்கிற பொருள் இல்லை. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் காலத்தில் அலை சாய்வாக வந்து கரை மணலைக் கிழக்காக, வடகிழக்காக நகர்த்துகிறது. வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பக் கொண்டு வருகிறது. வருடம் முடிந்து பார்த்தால் வடக்கே போனதுதான் கூடுதல். கல்லைப் போட்டு மறித்தால் தெற்குப் பக்கம் மணல் சேர்கிறது, வடக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டிய மணல் போகாமல் அந்தக் கரை பட்டினி கிடக்கிறது. அந்த ஊர் அடுத்த வருடம் மறியல் செய்கிறது. அவர்களுக்கும் ஒரு வளைவு. அதற்கு வடக்கே அடுத்த ஊர். தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரைக்கோட்டை ஒப்பிட்டு, நாட்டின் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுகிறது என்று சொன்னது. அந்த மூன்றில் ஒரு பங்கில் எவ்வளவு கடல் தின்றது, எவ்வளவு நாமே பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்து பிடுங்கியது என்று பிரித்துப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

அண்ணாச்சியின் ஊர் வளைவுக்குத் தெற்குப் பக்கம். கரைப் பாதுகாப்புக்குத் தாராளமாக எண்பது போட்டார். மகனின் மாமியார் வீடு வடக்கே. அங்கிருந்து வந்திருந்த அவன் மைத்துனர் கட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எண்பதா? எங்க மண்ணு கெடக்கு ஓய் உங்க ஊருல. அதையும் சேத்தா எண்பது?" என்றார். பேச்சு தடித்தது. டீ வந்ததால் தப்பித்தோம். இரண்டு ஊருக்கும் ஒரே கட்டம் போட்டால் என்ன மார்க் என்று கேட்டேன். இருவருமே அதற்குப் பதில் சொல்லவில்லை.

கரிமம், பிழைப்பு, சுற்றுலா, இயற்கைப் பொருள் நான்கையும் வேகமாகக் கடந்தோம். கரிமத்தைப் பிடித்து வைக்கும் அலையாத்திக் காடு பார்க்க வேண்டுமென்றால் புன்னைக்காயலுக்குப் போக வேண்டும். கடல் புல் மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம்தான் செழிப்பு. சுற்றுலா என்றால் ஞாயிற்றுக்கிழமை வருகிற வேன்களும் அவை விட்டுப் போகிற பிளாஸ்டிக் தட்டுகளும். இயற்கைப் பொருளில் ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். முத்தும் சங்கும் இந்தக் கடலின் பழைய புகழ். தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அதற்குப் பிறகு பார்கள் இருக்கின்றன, குளிக்கும் அளவுக்குச் சிப்பி இல்லை. கரை மணலில் இருந்த கார்னெட், இல்மனைட் தாதுக்கள் இன்னொரு கதை. தென் மாவட்டங்களில் அந்த மணல் அள்ளுவதை மாநில அரசு 2013-இல் நிறுத்தியது. அலை வடிந்த இடத்தில் குனிந்து பார்த்தால் வெள்ளை மணல் மேல் சிவப்பும் கறுப்புமாகக் கோடு கோடாகக் கிடக்கும், யாரோ குங்குமமும் மையும் இழுத்த மாதிரி. கையில் அள்ளினால் சாதாரண மணலைவிடக் கனம்.

ஊர்ப்பற்று என்ற கட்டத்தில் எனக்கே பேச நிறைய இருந்தது. உவரி சுயம்புலிங்க சுவாமி கோவிலில் நேர்ச்சை என்றால் கடல் மணலை ஓலைப்பெட்டியில் சுமந்து வந்து கரையில் குவிப்பது. ஆறு வயதில் என் தலையில் அம்மா வைத்த பெட்டி இன்னும் உச்சந்தலையில் கனக்கிறது. ஈர மணலின் தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்கு இறங்கும், குறுகுறு என்று கூசும். எத்தனை பெட்டி என்று அப்பா விரல் விட்டு எண்ணினார். அதே கரையில் அந்தோணியார் கோவில், கப்பல் போன்ற மாதா கோவில். பனங்காட்டு விளைக்காரனும் கடல்காரனும் சந்திக்கிற இடம் அந்த மணல். இதற்கு மார்க் எப்படிப் போடுவது? குறியீட்டுக்காரர்கள் சில முக்கிய உயிரினங்களையும், நினைவில் நிற்கும் இடங்களில் எத்தனை பாதுகாக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். வேறு வழி இல்லாமல் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். அண்ணாச்சியின் அளவு வேறு. கடலுக்குள் போய்த் தன் பாரைக் கண்டுபிடிக்க மேற்கே மலை முகட்டையும் கரையில் கோவில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பார். "இப்ப பயலுவ ஜிபிஎஸ் பாக்கான். மல தெரியல, காத்தாடி மறைக்கி." காற்றாலைகளைச் சொல்கிறார். அதற்காக அவர் பத்து மார்க் குறைத்தார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

ஒன்பதாவது, தண்ணீர். இதற்கு நான் கரையை விட்டு ஆற்றுக்குப் போக வேண்டியிருந்தது.

என் அத்தானுக்குச் சேரன்மகாதேவிப் பக்கம் வயல். கார், பிசானம் என்று இரண்டு பூவும், அதாவது இரண்டு போகமும், எடுப்பவர். தாமிரபரணியில் வெள்ளம் வரும்போதெல்லாம் நெல்லைப் பத்திரிகைகளில் ஒரு தலைப்பு வரும்: இத்தனை கன அடி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது. அத்தான் அந்தத் தாளை மடித்து எனக்குக் காட்டுவார். "பாத்தியா மாப்ள, அம்புட்டும் வீண்." நானும் அப்படித்தான் நினைத்து வளர்ந்தேன். பொதிகையில் பிறந்து, பாபநாசம் அணையைத் தாண்டி, கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டில் நின்று நின்று, 128 கிலோமீட்டர் வந்து புன்னைக்காயலில் கடலைத் தொடுகிற ஆறு. அதில் மிஞ்சுவது கடலுக்குப் போவதில் என்ன லாபம்?

அண்ணாச்சியிடம் இந்த "வீண்" என்ற சொல்லைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை, பரிதாபமாகப் பார்த்தார். "கலக்கத் தண்ணி வந்தாத்தான் சாரே இறாலு வரும். ஆத்துத் தண்ணி வந்து ஒரு மாசம் செண்டு பாருங்க, கரையில நெத்திலி வெள்ளையா வந்து நிக்கும்." ஆறு கொண்டு வரும் சத்தில் கடலின் நுண்பாசி தழைக்கும், அதைத் தின்னும் சின்ன மீன், சின்ன மீனைத் தின்னும் பெரிய மீன். ஆறு கொண்டு வரும் மணல்தான் கரைக்கும் கையிருப்பு. அணைக்கட்டில் நின்ற மணலும் ஆற்றிலேயே லாரியில் ஏறிய மணலும் கரைக்கு வராது. பாண்டியரின் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறதே, அந்த நிலமெல்லாம் இந்த ஆறு கொண்டு வந்து போட்டது. அவ்வளவு கொடுத்த ஆறு.

அதே ஆறு வேறு ஒன்றையும் கொண்டு வருகிறது. திருநெல்வேலி நகரத்தின் சாக்கடை பல இடத்தில் நேராக ஆற்றில் விழுவதை வண்ணார்பேட்டைப் பக்கம் நடந்து போனால் கண்ணால் பார்க்கலாம், மூக்கால் இன்னும் நன்றாக. 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டிய மழை. தாமிரபரணி கரை புரண்டது, எங்கள் நம்பியாறும் தன் பங்குக்குப் பொங்கியது. வெள்ளம் வடிந்த பிறகு அண்ணாச்சியின் கடல் சிவந்து கிடந்தது. வலையில் வந்ததைச் சொன்னார்: வாழைத்தார், செருப்பு, ஒரு பள்ளிக்கூடப் பை, ஒரு காஸ் சிலிண்டர், எண்ண முடியாத பாலிதீன் உறை. பையில் இருந்த நோட்டில் மை கரைந்து பெயர் தெரியவில்லையாம். ஊரைக் கேட்டு விசாரிக்கலாம் என்று காயப்போட்டு வைத்திருந்தார்.

1986 வரை இந்த ஆறும் அதன் முகமும் ஒரே மாவட்டம். அந்த வருடம் தூத்துக்குடி தனி மாவட்டமானது. அன்றிலிருந்து ஆறு பிறந்து, பாசனம் கொடுத்து, அழுக்கு வாங்குவது ஒரு கலெக்டர் ஆபீசுக்குக் கீழே, கடலில் கலப்பது இன்னொரு கலெக்டர் ஆபீசுக்குக் கீழே. திருநெல்வேலி மாவட்டக் கடலுக்கு மட்டும் நீரின் மார்க் போடுவது என்றால் எந்த எல்லையில் கோடு கிழிப்பது? என் நோட்டில் அந்தக் கட்டத்தை அத்தானின் வயல் வரைக்கும் நீட்டி வரைந்தேன். அத்தானிடம் காட்டியபோது, "அதுக்கு நான் என்னல செய்ய?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, உரம் அதிகமாகப் போட்டால் அதுவும் அங்கேதான் போகுமா என்று கேட்டார். போகும் என்றேன். சரி என்றார். மறு பூவுக்கு உரத்தைக் குறைத்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பத்தாவது, பல்லுயிர். அண்ணாச்சி பெயர்களாகச் சொன்னார், நான் எழுதினேன். வருவது ஒரு பத்தி, வராமல் போனது ஒரு பத்தி. இரண்டாவது பத்தி பக்கத்தைத் தாண்டியது. மார்க் கேட்கவில்லை.

பத்துக் கட்டத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் ஒரு எண் வரும்.  அதை நான் போடவில்லை. தமிழில் 95, கணக்கில் 12 வாங்கியவனின் சராசரி 53.5 என்று சொல்வது எவ்வளவு பெரிய பொய் என்று எனக்குத் தெரியும். உலக அளவில் அந்த ஒற்றை எண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது, மந்திரிகளை நிமிர்ந்து பார்க்க வைக்கும். கரையில் வேண்டியது கட்டங்கள். எந்தக் கட்டம் இறங்குகிறது, எந்த ஊரின் எண்பது எந்த ஊரின் முப்பதிலிருந்து வந்தது என்பது தெரிந்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

சரி, என்ன செய்தோம்? பெரிதாக ஒன்றுமில்லை. அண்ணாச்சியும் இன்னும் மூன்று படகுக்காரர்களும் பாரில் சிக்கிக் கிடந்த அறுந்த தங்கூசி வலைகளை ஒரு அமாவாசைக்குப் பிறகு இரண்டு நாள் மூழ்கி எடுத்தார்கள். ஆளில்லாமலே மீன் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த வலைகள். ஒன்றில் ஆமை ஓடு. அதற்குக் காசு யாரும் கொடுக்கவில்லை.

நான் செய்தது பிள்ளைகளைக் கரை அளக்கவிட்டது. கோவில் கொடிமரத்துக்கு நேரே, கரைமேட்டில் ஒரு வேலிக்கம்பை அடித்து, அதிலிருந்து ஈர மணல் தொடங்குகிற இடம் வரை கயிறு பிடிப்பது. மாதம் இரண்டு தடவை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மறுநாள், ஒரே நேரத்தில். வடக்கே மைத்துனரின் ஊரிலும் ஒரு கம்பு. அங்கே அளப்பது அவர் மகள், எட்டாம் வகுப்பு. இரண்டு எண்ணும் ஒரே நோட்டில், பக்கத்துப் பக்கத்தில். அளவில் பிழை இருக்கும், பையன்கள் கயிற்றைத் தொய்வாகப் பிடிப்பார்கள், ஒரு தடவை நண்டைத் துரத்திக்கொண்டு போய்விட்டார்கள். இருந்தாலும் பதினொரு மாதக் கணக்கு சேர்ந்திருந்தது. இரு ஊரும் ஒரே நோட்டைப் பார்த்துப் பேசிய முதல் கூட்டம் சத்தமாகத்தான் இருந்தது, ஆனால் பாதியில் யாரும் எழுந்து போகவில்லை.

போன ஆடியில் வடக்கு ஊரிலிருந்து அந்தப் பிள்ளை போன் செய்தாள். கயிறு பிடிக்கப் போனால் கம்பையே காணோம். கம்பு நின்ற இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சியும் நானும் போனோம். அவர் மைத்துனரோடு சேர்ந்து ஒரு கருங்கல்லைத் தூக்கி வந்து, பழைய இடத்திலிருந்து இருபத்திரண்டு அடி உள்ளே தள்ளி, முழங்கால் ஆழம் தோண்டி நட்டார். "இனி இதாம் சைபர்" என்றார். பிள்ளை நோட்டை நீட்டி, பழைய கணக்கையெல்லாம் இருபத்திரண்டு கூட்டி மாற்றி எழுதவா சார் என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பழைய சைபருக்கு ஒரு பத்தி, புதிய சைபருக்கு ஒரு பத்தி என்று அவளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள்.